கட்டுமரம் வசவானது எப்படி? ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிடம் கேட்டுப் பார்த்தால்

1811-ல் லண்டனில் வெளிவந்த ஒரு கொச்சைச் சொல் அகராதியில் 'கேட்டமரான்' என்ற சொல்லுக்கு 'எலும்பும் தோலுமான கிழவி' என்று பொருள் போட்டிருக்கிறது. கூடவே ஒரு விளக்கம்: கப்பல் உடைந்து தத்தளிப்பவர்களைக் காப்பாற்றக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டும் மிதவையிலிருந்து வந்த பெயராம். நம்முடைய கட்டுமரம்தான். சோழமண்டலக் கரையில் மீன் பிடிக்கப் போன மரம், லண்டன் சந்துகளில் கிழவிகளைத் திட்டும் சொல்லாகிவிட்டது.

இப்படி ஒரு சொல்லின் வழித்தடத்தைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது ஹாப்சன்-ஜாப்சன் வாசலில். 'இந்த ஆங்கிலச் சொல் நம்ம தமிழ்ச் சொல்தான் தெரியுமா?' என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களில் உள்ள பல சொற்களை அதில் பார்க்கலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பிரிட்டிஷ் கொச்சைச் சொற்களை ஆராய அது எவ்வளவு தூரம் கை கொடுக்கும் என்று ஏழெட்டுச் சொற்களைக் கொண்டு உரசிப் பார்த்ததுதான் இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலேயர் வாயில் எப்போது, எந்த உருவத்தில் ஏறியது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏறிய பிறகு இங்கிலாந்துக்குப் போய் அது என்ன ஆட்டம் ஆடியது என்பதற்கு இதை மட்டும் நம்பினால் பாதி வழியில் விட்டுவிடும்.

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பேச்சிலும் எழுத்திலும் புழங்கிய சொற்களுக்கான அகராதி இது. தொகுத்தவர்கள் இருவர். ஹென்றி யூல் வங்காளத்தில் ராணுவப் பொறியாளராக இருந்தவர். ஏ.சி. பர்னெல் மதராஸ் சிவில் சர்வீஸ்காரர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தஞ்சை அரண்மனை வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவரும் அவரே. 1872 வாக்கில் கடிதப் போக்குவரத்தாகத் தொடங்கிய வேலை. அப்போது யூல் இருந்தது இத்தாலியின் பலெர்மோவில். புத்தகம் 1886-ல் வந்தபோது பர்னெல் உயிரோடு இல்லை, 1882-லேயே போய்விட்டார். 1903-ல் வில்லியம் குரூக் திருத்தி இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல் வரும் அந்த இரண்டாம் பதிப்புதான் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், வின்சுலோ, பப்ரீசியஸ் ஆகியோரின் தமிழ்–ஆங்கில அகராதிகள், பரோ–எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதி எல்லாம் இருக்கும் அதே தளம். லெக்சிகன் பார்க்க அடிக்கடி அங்கே போகிறவர்களுக்கு இது பக்கத்து அறைதான். கணக்கு தொடங்க வேண்டாம், கட்டணமும் இல்லை.

பெயரே ஒரு பாடம். மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன்! யா ஹுசைன்!' என்று எழும் ஓலம் பிரிட்டிஷ் சிப்பாய்களின் காதில் 'ஹொசீன் கொசீன்' ஆகி, கடைசியில் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்களாகவே முடிந்தது. புரியாத அயல் ஒலியைத் தன் மொழியில் ஏற்கெனவே இருக்கும் சொல்லாக வளைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு மொழியியலாளர்கள் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கட்டுமரத்துக்கு நேர்ந்ததும் இந்த வகைதான் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது.

அகராதியில் கட்டுமரப் பதிவைத் திறந்து பாருங்கள். தலைச்சொல்லுக்குக் கீழே வேறு இரண்டு உருவங்கள், 'கட்மரம்', 'கட்மரால்' என்கிற மாதிரி. அடுத்து வேர்: தமிழ் கட்டு, மரம். மூன்று நான்கு கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை என்று பொருள். அதோடு ஒரு குட்டு: கடைசி அசையை அழுத்திச் சொல்லும் ஆங்கிலேய உச்சரிப்பு சரியில்லை என்கிறார்கள். தமிழ் அறிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதியது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

பிறகு மேற்கோள்கள், ஆண்டு வரிசையில். இந்த அகராதியின் உயிர் இங்கேதான். முதல் மேற்கோள் 1583: வெனிஸ் நகர நகை வணிகர் காஸ்பரோ பால்பி. 'கடமெரோனி' என்று எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஏழு உருட்டு மரங்கள். ஐந்து அடித்தளம், நடுவில் உள்ளது மற்றவற்றைவிட நீண்டு நீரைக் கிழிக்கும் மூக்காக நிற்கும், இன்னொன்று பின்பக்கம் தண்ணீருக்குள் கிடக்கும், அதன் மேல் ஆள் உட்காருவான். அளந்து பார்த்தவன் எழுத்து. 1673-ல் பிரையர் என்ற மருத்துவர், நடுவே ஒரு பாய், செலுத்தத் துடுப்பு, சரக்கு முழுவதையும் அதிலேயே கொண்டுபோகிறார்கள் என்கிறார். 1836-ல் மதராஸிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று, கட்டுமரக்காரர்கள் குதிகால் மேல் குந்தி உட்கார்ந்து துடுப்பைக் கெட்டிக்காரத்தனமாக வீசுகிறார்கள், ஆனால் அது படகு வலிப்பது மாதிரியே இல்லை என்று வியக்கிறது. ஒரே பதிவில் கட்டுமானம், ஓட்டும் முறை, இரண்டரை நூற்றாண்டுக் கால எழுத்து மாற்றங்கள். லெக்சிகனில் இது கிடைக்காது. கிடைக்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை.

பிரிட்டிஷ் மாலுமிகளுக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு நெருக்கம்? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். நடுவில் அலை உடையும். அந்த அலையைத் தாண்டிக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். ஆட்களும் மூட்டைகளும் மசூலா படகில். மதராஸுக்கு வந்த ஒவ்வொரு கப்பல்காரனும் கரையைத் தொடுமுன் முதலில் பார்த்தது ஒரு கட்டுமரத்தைத்தான். சொல் கப்பலேறியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கிழவி? இந்தப் பதிவு கடற்கரையில் நிற்கிறது. லண்டன் சந்துக்குள் நுழைவதில்லை. அதற்கு வேறு கதவைத் தட்ட வேண்டும். முதலில் சொன்ன 1811 அகராதி, பிரான்சிஸ் குரோஸ் 1785-ல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியை விரித்து எழுதியது. குரோஸ் 1791-லேயே இறந்துவிட்டதால் 1811-ன் சேர்க்கைகளை அவர் தலையில் கட்டக்கூடாது. இணையத்தில் பலர் இரண்டையும் ஒன்றாக்கி 'குரோஸ் 1785' என்று போட்டுவிடுகிறார்கள். குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாக இருப்பதும் 1811 பதிப்புதான். மேற்கோள் காட்டுவதற்கு முன் முகப்புப் பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள்.

இடையில் 1804 இருக்கிறது. நெப்போலியன் இங்கிலாந்து மீது படையெடுக்கத் திரட்டிய படகுகளைப் பிரான்சின் பூலோன் துறையில் வைத்தே வெடித்துத் தகர்க்க ராபர்ட் புல்ட்டன் ஒரு வெடிபொறி செய்து கொடுத்தார். ஈயத்தகடு போர்த்திய நீளப் பெட்டி, உள்ளே வெடிமருந்து, நேரம் பார்த்து வெடிக்கக் கடிகார விசை. நீர்மட்டத்தோடு மிதக்கும். பிரிட்டிஷ் கடற்படை அதற்கும் 'கேட்டமரான்' என்றே பெயர் வைத்தது. அக்டோபர் 1804-ல் ஏவிப் பார்த்தார்கள். பெரிய சேதம் ஒன்றுமில்லை, பத்திரிகைகளில் கேலிதான் மிச்சம். ஆக 1811-க்குள் இந்தச் சொல்லுக்கு மிதவை, வெடிபொறி, கிழவி என்று மூன்று முகம்.

கிழவிக்கு வருவோம். கப்பல்படை அதிகாரியாக இருந்து நாவலாசிரியரான மாரியட், 1834-ல் நூலாக வந்த 'பீட்டர் சிம்பிள்' நாவலில் ஒரு குடிகாரக் கிழவியை இந்தச் சொல்லால் ஏச வைக்கிறார். அவர் 1824-ல் பர்மா போருக்காக வங்காள விரிகுடாவுக்கு வந்தவர். அசல் கட்டுமரம் எது என்று தெரியாதவர் அல்ல. இருந்தும் திட்டத்தான் பயன்படுத்தினார். 1811 அகராதி சொல்லும் 'மிதவை போல எலும்பெலும்பாக' என்ற விளக்கம் பாதிதான் ஒட்டுகிறது. இந்த வசவு பிறகு ஒல்லியைவிடச் சண்டைக்குணத்தையே அதிகம் குறித்தது. பொருத்தமான விடை முதல் அசையில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'கேட்' பூனை. சீறிப் பிறாண்டும் குணமுள்ள பெண்ணை அங்கே பூனை என்பார்கள். கட்டுதலைச் சொல்லும் தமிழின் 'கட்டு', ஆங்கிலக் காதில் பூனையாகிவிட்டது. 'ஹசன்' ஹாப்சன் ஆன மாதிரிதான். இதற்கு எழுத்துச் சான்று என்று ஒரு தாளைக் காட்ட முடியாது. ஆனாலும் அகராதிக்காரர்கள் பலரும் இந்தப் பக்கமே சாய்கிறார்கள். நமக்கும் இதுவே சரியாகப் படுகிறது. இரட்டை உடல் கொண்ட இன்றைய பந்தயப் படகுக்கு இந்தப் பெயர் ஒட்டியது இன்னும் பிந்தி. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஹெரஷாப் 1876-ல் கட்டிய படகுக்குப் பிறகுதான் அந்தப் பொருள் பரவியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆர்கைவ் தளத்தில் இருக்கும் வருடிய பிரதிகளின் எழுத்துவடிவத்தை வெட்டி ஒட்டாதீர்கள். வேர்ச்சொற்களில் ட-வைக் காட்ட அடியில் வரும் புள்ளி அதில் உதிர்ந்துபோயிருக்கும். புள்ளி போனால் 'கட்டு' என்பதை 'கத்து' என்றும் படிக்கலாம். ஓயாமல் கத்தும் கிழவிக்குக் 'கத்துமரம்' என்று யாராவது ஒரு சொல்லாராய்ச்சி எழுதி விடுவார்கள். சிரிக்கிறோம், ஆனால் இதைவிட மோசமானவை சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. பக்கத்தின் படத்தைப் பார்த்தே எழுதுங்கள்.

தேடுவதில் கைப்பழக்கம் வேண்டும். தமிழ் ஒலிப்பை ரோமன் எழுத்தில் நாம் எழுதுகிற மாதிரி போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. கஞ்சிக்கு 'கே'-யில் தொடங்கி அடித்தால் வராது. தலைச்சொல் 'சி'-யில், சி-ஓ-என்-ஜி-இ-இ. கூலிக்கு முடிவில் 'ஒய்'. சுருட்டுக்கு ஆங்கில உருவமான 'செரூட்'தான் போட வேண்டும். உள்ளே இருக்கும் தமிழ் வேரில் ச-வை எந்த எழுத்தால் காட்டியிருப்பார்கள் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாது. தளத்தில் தலைச்சொல்லில் மட்டும் தேடுவது, முழு உரையிலும் தேடுவது என இரண்டு வழி உண்டு. தலைச்சொல்லில் சிக்கவில்லை என்றால் முழு உரைக்குப் போய்ச் சொல்லின் பொருளை ஆங்கிலத்தில் கொடுங்கள். மிளகுநீர் என்று பொருள் கொடுத்தால் முளிகட்டானி, அதாவது ஆங்கிலேயர் சூப்பாக்கிய நம் ரசம், வந்து நிற்கும். பதிவுகளில் 'தமிழ்' என்பதை டி-ஏ-எம், ஒரு புள்ளி என்று சுருக்கியிருப்பார்கள். அதை வைத்துத் துழாவினால் தமிழ் வேர் காட்டப்பட்ட பதிவுகள் வரிசையாக வரும். ஒரு மழைநாள் பொழுது அதிலேயே போய்விடும்.

இன்னொன்று: சதுர அடைப்புக்குறி. அதற்குள் இருப்பது 1903-ல் குரூக் சேர்த்தது, வெளியே இருப்பது 1886-ன் யூல்–பர்னெல். இதைப் பார்க்காமல் 'யூல் சொல்கிறார்' என்று எழுதினால் பதினேழு வருடம் தள்ளிப்போய்விடும். பர்னெல் இறந்த பிறகு வந்த நூலை அவரே மேற்கோள் காட்டியதாக எழுதி மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. மேற்கோளின் பக்கத்தில் போட்டிருக்கும் ஆண்டும் எப்போதும் அச்சான ஆண்டு அல்ல. சம்பவம் நடந்த ஆண்டாகவோ கடிதம் எழுதிய ஆண்டாகவோ இருக்கலாம். கீழே சுருக்கமாகக் கொடுத்திருக்கும் நூலின் முழுப்பெயரை முன்பக்கப் பட்டியலில் பார்த்து, அச்சான ஆண்டோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, கொச்சைச் சொல்லில் இந்த அகராதி வெளுத்துக் கட்டும் இடம் உண்டா? உண்டு. இந்தியாவுக்குள்ளேயே பிறந்து இந்தியாவுக்குள்ளேயே புழங்கிய கொச்சை. 'காஞ்சி ஹவுஸ்' என்றால் படைப்பிரிவின் காவல் கொட்டடி. உள்ளே போட்டால் கஞ்சிதான் சாப்பாடு என்பதால் வந்த பெயர். குடித்துவிட்டு வந்தவர்களைப் போதை தெளியும் வரை, முடிந்தால் தனியாக, காஞ்சி ஹவுஸில் வையுங்கள் என்ற 1835-ன் ராணுவ உத்தரவு மேற்கோளாக இருக்கிறது. வட இந்தியாவில் அதே பெயர் ஊர்மாடுகளை அடைக்கும் பட்டிக்குப் போனது என்று குரூக் அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறார். பக்கத்தில் 'கஞ்சி' பதிவு: வேர் தமிழ், நோயாளிக்குக் கொடுப்பது, வண்ணார் துணிக்குப் போடுவதும் அதுவே. கஞ்சி போட்ட சட்டை வரை வந்துவிட்டார்கள்.

அடுத்து 'மல்'. ஆங்கிலத்தில் இந்த எழுத்துக்கூட்டில் அரை டஜன் சொற்கள் இருக்கின்றன. மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயின், அசைபோட்டு யோசிப்பது, ஸ்காட்லாந்துக்காரர்களின் பொடிடப்பா, கடலுக்குள் நீண்ட நிலமுனை, மெல்லிய மஸ்லின் துணி, ஒரு வேலையைக் குட்டிச்சுவராக்குவது. கூகுளில் போட்டால் ஒயின் செய்முறைதான் வரும். ஹாப்சன்-ஜாப்சனில் நேராக வரும் பொருள்: மதராஸ் மாகாணத்து ஆங்கிலேயன். முளிகட்டானியின் சுருக்கம். மூன்று மாகாணத்துக்காரர்களும் ஒருவருக்கொருவர் வைத்த பட்டப்பெயர் வரிசை இது. வங்காளத்து ஆங்கிலேயன் 'குய்-ஹை'. வேலைக்காரனை 'கோயீ ஹை?' (யாராவது இருக்கிறீர்களா?) என்று கூப்பிடுவதால். பம்பாய்க்காரன் 'டக்', அங்கே கிடைக்கும் பம்பாய் டக் என்ற மீனால். மதராஸ்காரன் ரசம் குடிப்பவன், ஆகவே 'மல்'. இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று கோத்து விளக்கும் இடம் வேறு எங்கும் இவ்வளவு சுத்தமாக இல்லை.

அடுத்த பதிவு முளிகட்டானி. வேர் 'மிளகு தண்ணீர்' என்று சொல்லிவிட்டு, இந்த அருமையான பதார்த்தம் மதராஸில் பிறந்தது என்ற பொதுநம்பிக்கை சரியே என்கிறார்கள். முதல் மேற்கோள் 1784. ஹைதரிடம் சிறைப்பட்ட கடற்படைக்காரர் ஒருவரின் பாட்டு: விதியை நொந்து என்ன பயன், அதிர்ஷ்டத்தைத் திட்டி என்ன பயன், பெங்களூர்ச் சிறையில் நமக்குச் சாப்பாடு முல்லகீ-தானி, இல்லாவிட்டால் கஞ்சி. பிற்காலத்தில் லண்டன் கிளப்புகளில் கறியும் காய்கறியும் போட்டுக் கெட்டியாகப் பரிமாறப்பட்ட அந்த சூப், அச்சில் இங்கே அறிமுகமாவது ஜெயில் சோறாக. ரசத்துக்கும் கஞ்சிக்கும் ஒரே நான்கு வரியில் சான்று கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

இங்கேயே ஒரு கண்ணிவெடியும் இருக்கிறது. 'பினைட்டட்', அதாவது இருளில் கிடப்போர், என்று ஒரு பதிவு உண்டு. மற்ற மாகாணத்து ஆங்கிலேயர்கள் மதராஸை மட்டம் தட்டச் சொன்ன அடைமொழி. அதற்குக் கீழே 1860 என்று போட்டு, இடைக்கால ஆங்கிலத்தில் ஒரு மேற்கோள். அந்த இருண்ட நாட்டார் தங்களை 'மல்லிஸ்' என்று அழைத்துக்கொள்வதாகவும், முளிகட்டானி என்ற தங்கள் தெய்வம் ஒன்றிலிருந்து தாங்கள் பிறந்ததாகச் சொல்வதாகவும் போகிறது. மூலம்: சர் ஜான் மாண்டவில்லின் 'அண்மையில் கண்டெடுத்த சுவடி'. மாண்டவில் 14-ஆம் நூற்றாண்டுப் பயணநூல் ஒன்றின் ஆசிரியராகச் சொல்லப்படும் பெயர். இது சுத்தமான கிண்டல். அகராதிக்காரர்கள் பக்கத்தில் 1860 என்று நேர்மையாக ஆண்டு போட்டிருக்கிறார்கள். அதைக் கவனிக்காதவர்கள் மிளகுரசத்துக்கு அறுநூறு வருட ஆங்கில வரலாறு எழுதிவிடலாம். ரசத்தைக் குலதெய்வமாக்கிய இந்த அகராதியை நம்மவர்கள் கோபிக்க வேண்டியதில்லை. கிண்டலடிக்கப்பட்டவர்கள் மதராஸ் துரைமார்.

இனி கை விடும் இடங்கள். வேர் சொல்வதில் யூலுக்கு ஒரு பலவீனம்: நல்ல கதை கிடைத்தால் விட மனம் வராது. 'ஐ டோன்ட் கேர் எ டேம்' என்று ஆங்கிலேயர் அலட்சியமாகச் சொல்வதில் வரும் 'டேம்', உண்மையில் 'தாம்' என்ற செப்புக்காசு என்கிறார். சொல்பவன் மனதில் சாபம் இருக்கலாம், சொல்லின் வேரில் இல்லை என்று அழகாக முடிக்கிறார். வரி அழகு, சான்று இல்லை. ஆக்ஸ்போர்டு அகராதி இதை ஏற்கவில்லை. இது ஆங்கிலத்தின் சாதாரணச் சாபச் சொல்தான். 'அதுதான் சீஸ்' என்றால் முதல்தரம் என்ற 19-ஆம் நூற்றாண்டுக் கொச்சைக்குப் பாரசீக–உருது 'சீஜ்' (பொருள், சாமான்) வேர் என்கிறார். அது தேறுகிறது; பிற்கால அகராதிகளும் அந்தப் பக்கமே கை காட்டுகின்றன. எது தேறும், எது தேறாது என்று இந்த ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

தமிழர்கள் அதிகம் சறுக்குவது 'காஷ்' பதிவில். அதன் வேர் தமிழ்க் காசு என்று அகராதி சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பதிவு பேசுவது தென்னிந்தியாவில் புழங்கிய சில்லறை நாணயத்தை. 1818 வரை மதராஸ் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இங்கிலாந்தில் 1803-ல் அடித்து மதராஸுக்கு அனுப்பிய செப்பு நாணயத்தில் '20 காஷ்' என்று ரோமன் எண்ணில் பொறித்திருக்கும். காசு போர்த்துகீசியர் வாயில் 'கைஷா' ஆகி ஆங்கிலத்துக்குப் போன வழி அது. கடையில் 'கேஷா, கார்டா?' என்று கேட்கும் கேஷ் வேறு. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு–இத்தாலியச் சொல்லிலிருந்து, பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'கப்சா' வழியில் வந்தது. எழுத்துக்கூட்டு ஒன்றானதால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. 'கேஷ் தமிழ்ச் சொல்' என்று இந்த அகராதியைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் பதிவின் முதல் வரியைப் படித்தாலே போதும், அது எந்தக் காசைச் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

காலத்தில் நிற்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தாய்நாட்டை 'பிளைட்டி' என்றார்கள். ஊருக்கு அனுப்பும் அளவுக்கு மட்டும் பட்ட காயம் 'பிளைட்டி ஒன்'. அதற்காக ஏங்கியவர்கள் பலர். 1903-ல் நின்றுபோன அகராதியில் இந்த உருவத்தைத் தேடிப் பயனில்லை. ஆனால் அதன் தாய் இருக்கிறது: 'பிலாயத்'. அரபு 'விலாயத்', நாடு அல்லது மாகாணம். இந்தியாவில் தூரத்து ஐரோப்பாவைக் குறிக்க வந்தது. அடைமொழியாக்கினால் பிலாயத்தி, தக்காளி 'பிலாயத்திக் கத்தரி', சோடா 'பிலாயத்தித் தண்ணீர்' என்று உதாரணம் தருகிறார்கள். தமிழருக்கு இதில் விளக்கம் தேவையே இல்லை. எல்லை, நாடு என்று பொருள்பட்ட 'சீமை' நம்மிடம் வெள்ளைக்காரன் ஊராகி, சீமைச்சுண்ணாம்பு, சீமெண்ணெய், சீமைக்கத்தரிக்காய், சீமைக்கருவேலம் என்று கிளைவிட்டது அதே தடத்தில்தான். பிளைட்டியைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் சீமை என்று போட்டுவிட்டுப் போகலாம். 

ஆகவே பக்கத்தில் வேறு என்ன வைத்துக்கொள்வது? கொச்சைப் பொருளுக்கு ஜொனாதன் கிரீனின் கொச்சைச் சொல் அகராதி. 2010-ல் மூன்று கனத்த தொகுதிகளாக வந்தது, 2016-ல் இணையத்துக்கு வந்தது, இப்போது மேற்கோள்கள் உட்பட இலவசம். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு ஆண்டு, நாடு, மூலம் என்று அடுக்கியிருப்பதால் கட்டுமரக் கிழவி எந்தப் பத்தாண்டில் எங்கே நடமாடினாள் என்று ஒரே பார்வையில் தெரியும். இந்திய வேர்களை விவரிப்பதில் அது சுருக்கம். அங்கே ஹாப்சன்-ஜாப்சனுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆக்ஸ்போர்டு பெரிய அகராதிக்குச் சந்தா உண்டு, தனி ஆளுக்குக் கனம்தான். பிரிட்டனில் இருப்பவர்கள் பல ஊர்களில் பொது நூலக அட்டை எண்ணை வைத்தே வீட்டிலிருந்து நுழையலாம். அதிலும் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற குறிப்பைப் பாருங்கள். விக்டோரியா காலத்துப் பதிவு அப்படியே நின்றால் அதன் முதல் ஆண்டு இன்று முந்திப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

குரல் பற்றி ஒரு வார்த்தை. இது ஆண்டவர்கள் எழுதிய அகராதி. ஏளனம் பல இடங்களில் தெறிக்கும். சாதிகளைப் பேசும் பதிவுகளில் 'தாழ்ந்த' என்ற சொல் கூசாமல் வரும். அதே வேளை 'பறையா' பதிவில், ஒரு சமூகத்தின் பெயரைச் சாதிக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்ற பொருளில் உலக ஆங்கிலம் பயன்படுத்துவது தவறு என்று 1886-லேயே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தவறு இன்றும் ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அச்சில் வேண்டும் என்றால், வாசிக்க 2013-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட, கேட் டெல்ட்ஷர் பதிப்பித்த சுருக்கம் வசதி. முன்னுரையும் குறிப்புகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அது தேர்ந்தெடுத்த பதிவுகள்தான், ஆராய்ச்சிக்கு ஆகாது. முழுமைக்கு 1903 பதிப்பின் நிழற்பட மறுஅச்சு. கேட்டால் அச்சடித்துத் தரும் மலிவுப் பிரதிகளில் ஏமாற வாய்ப்பு அதிகம்; பக்கம் விடுபட்டிருக்கும், அல்லது வருடிய எழுத்தை மறுபடி கோத்திருப்பார்கள். வாங்குவதற்கு முன் மாதிரிப் பக்கத்தில் கட்டுமரப் பதிவைத் திறக்கச் சொல்லுங்கள். 'கட்டு'வில் ட-வுக்கு அடியில் புள்ளி இருக்க வேண்டும், குரூக்கின் சதுர அடைப்புக்குறிகள் இருக்க வேண்டும், கடைசியில் பார்ட்ரிட்ஜ் தயாரித்த சொல்லடைவும் இருக்க வேண்டும். சொல்லடைவு இல்லாத பிரதியை இனாமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பதிவுகளுக்குள் ஒளிந்திருக்கும் மாற்று எழுத்துக்கூட்டுகளுக்கு அச்சுப் பிரதியில் வேறு வழியே கிடையாது.